ஈகையும் இரவும்: ஓர் எண்ணக்கருவின் சமுதாய வரலாறு

தமிழர் பண்பாடு பற்றிப் பேசுவோர் ஈகையை அதன் தலையாய இயல்புகளுள் ஒன்றாகக் கூறுவது நெடுங்கால வழக்கம். பாரியும் பேகனும் குமணனும் மேடைதோறும் நினைவுகூரப்படுகின்றனர். இக்கூற்றினுள் ஆராயப்படாத எடுகோள்கள் இரண்டு மறைந்து கிடக்கின்றன. கொடுத்தல் என்பது ஓர் இனத்தின் பிறவிக்குணம் என்பது ஒன்று. பாணனுக்கு வேந்தன் அளித்த பரிசிலும், திருக்குறள் கூறும் ஈகையும், மடத்து அன்னதானமும், பஞ்சகாலத்துக் கஞ்சித்தொட்டியும் ஒரே செயலின் பல்வேறு தோற்றங்களே என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஐயுறற்பாலன.

மறுபுறத்திலே, முற்போக்கு அணியைச் சார்ந்த நம்மவருள்ளும் சிலர் இப்பொருளை மிக எளிதிலே தீர்த்துவிடுகின்றனர். 1848ஆம் ஆண்டின் கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை, தருமதாபன அமைப்பாளரைப் பழமைபேண் சோசலிசத்தாருள் வைத்து எள்ளியமை உண்மையே. ஏங்கெல்சும் இங்கிலாந்துத் தொழிலாளர் நிலைமை பற்றி 1845இல் வெளியிட்ட நூலிலே, பறித்தவனே பறிகொடுத்தவனுக்குச் சிறிது திருப்பியளித்துப் புகழ் தேடும் முதலாளித்துவத் தருமத்தைக் கடிந்துரைத்தார். ஆயினும், 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஆலைமுதலாளி பற்றிய கணிப்பை வேளிர்குலத் தலைவன்மீது அப்படியே பொருத்துவது மார்க்சியம் ஆகாது. அது வரலாற்றுக்குப் பதிலாக வாய்பாட்டை வைப்பதாகும். யார், யாருக்கு, எதனை, எவ்வுற்பத்தியுறவின்கீழ்க் கொடுத்தனர் என்பதே நமது வினாவாதல் வேண்டும்.

மொழியிலிருந்தே தொடங்கலாம். தொல்காப்பியம் சொல்லதிகாரத்து எச்சவியலிலே ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களுக்கும் இலக்கணம் கூறப்படுகிறது. அவை மூன்றும் இரத்தற் பொருளில் வருவன. அவற்றுள் ஈ என்பது இழிந்தோன் தன்னின் உயர்ந்தோனிடம் கூறுவது. தா என்பது ஒப்போன் கூறுவது. கொடு என்பது உயர்ந்தோன் கூறுவது. உரையாசிரியர்கள் இதனைச் சொல்மரபாக விளக்கி அமைந்தனர். நாம் இதனைச் சமுதாயச் சான்றாகவும் கொள்ளுதல் வேண்டும். பொருள் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும்பொழுது இருவர்க்குமிடையே உள்ள படிநிலையை மொழி குறித்துக் காட்டியே தீரவேண்டிய ஒரு சமுதாயத்திலேதான் இத்தகைய விதி தோன்றமுடியும். பிற்காலத்திலே வறியோர்க்கு வழங்குவதைச் சிறப்பாகச் சுட்டி நின்ற ஈகை என்னும் பெயர், கீழிருந்து கேட்பவனுக்கு இலக்கணகாரர் வகுத்த வினையடியிற் பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. கொடுப்பவனின் பெருமையைக் குறிக்கும் சொல்லிலே கேட்பவனின் தாழ்வு பதிந்திருக்கிறது.

அதே நூலின் பொருளதிகாரம் இன்னுமொரு சான்றினைத் தருகிறது. வெட்சித்திணையின் துறைகள் ஆநிரை கவர்தலின் படிமுறைகளை வரிசைப்படுத்துவன. அவ்வரிசையின் இறுதியில் வருவன பாதீடு, உண்டாட்டு, கொடை என்பன. கவர்ந்த நிரையைப் பங்கிடுதல், கூடியுண்டு களித்தல், பின்னர்க் கொடுத்தல் என்னும் இம்முறைவைப்புத் தற்செயலானதன்று. கூட்டாகப் பெற்றதைக் கூட்டாகப் பகிரும் இனக்குழு வழக்கமே இங்கு அடித்தளம். பங்கு என்பது உரிமை. அதனைப் பெறுபவன் நன்றி கூறவேண்டியதில்லை. காலப்போக்கிலே பங்கிடும் அதிகாரம் தலைவன் கையிலே குவிந்தபொழுது, உரிமையாக இருந்த பங்கு அவனது விருப்பின்பாற்பட்ட கொடையாக உருமாறியது. பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சன் ஈஸ்கிலசும் ஏதென்சும் (1941) என்னும் நூலிலே, கிரேக்கரிடையே ஊழைக் குறித்த மொய்ரா எனும் சொல் ஆதியிலே பங்கு எனப் பொருள்பட்டமையை விளக்கியுள்ளார். அவரிடம் பேர்மிங்காமிலே பயின்ற கலாநிதி க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய ஆங்கில நூல், நமது பழம்பாடல்களை இவ்வொப்பியல் நோக்கிற் காண்பதற்கு வழிதிறந்தது. பாதீட்டிலிருந்து கொடைக்கு என்னும் இப்பெயர்ச்சியே, எமது கருத்தின்படி, தமிழிலே ஈகை என்னும் எண்ணக்கருவின் தோற்றுவாய் ஆகும்.

வீரயுகப் பாடல்களிலே பெறுபவர் யார்? பாணர், பொருநர், கூத்தர், விறலியர், புலவர் ஆகியோர். அவர்களது வறுமை ஆற்றுப்படைகளிலும் புறநானூற்றிலும் உருக்கமாகப் பேசப்படுகிறது என்பதில் ஐயமில்லை. எனினும் அவர்கள் வறியர் என்பதனால் மட்டும் பெற்றாரல்லர். பாடுவோர் என்பதனாற் பெற்றனர். தலைவனின் புகழைப் பரப்பி அவனது தலைமையை ஏனையோர் ஒப்புக்கொள்ளச் செய்வது அவர்தம் தொழில். பரிசில் அத்தொழிலுக்கு எதிரீடு. பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் வெளியிட்ட கட்டுரையிலே, தொல்சமுதாயங்களிற் கொடை என்பது கொடுத்தல், ஏற்றல், திருப்பியளித்தல் என்னும் மூன்று கடப்பாடுகளின் பிணைப்பு எனக் காட்டினார். பாணனது பாடலே இங்கு திருப்பியளிக்கப்படுவது. ஆகவே இதனைத் தருமம் என்றழைப்பது காலமுரணாகும்.

புறநானூற்றின் 163ஆம் பாடல் இவ்விடத்து நுணுகி நோக்கற்குரியது. குமணனிடம் பரிசில் பெற்று மீண்ட பெருஞ்சித்திரனார் தம் மனைவியை நோக்கிக் கூறுவது அது. உன்னை விரும்பி வாழ்வோர்க்கும், நீ விரும்புவோர்க்கும், உன் சுற்றத்து மூத்தோர்க்கும், குடும்பத்தின் பசிதீரக் குறியெதிர்ப்பை தந்துதவியோர்க்கும், இன்னார் என்னாது, என்னைக் கேட்டுக்கொண்டிராது கொடு என்கிறார். குறியெதிர்ப்பை என்பது அளந்து வாங்கி அவ்வளவே திருப்பிக் கொடுக்கும் கைம்மாற்று. அயல்வீட்டில் அரிசி வாங்கிப் பின்னர்க் கொடுக்கும் வழக்கம் யாழ்ப்பாணத்துக் கிராமங்களுக்குப் புதியதன்று. இப்பாடலிலே அச்சொல் இழிவாகக் கருதப்படவில்லை. பசிக்காலத்திற் குடும்பத்தைக் காத்தது மன்னன் கொடையன்று, அயலாரின் இக்கைம்மாற்றே. மன்னன் தந்த செல்வம் இல்லத்தினுள் நுழைந்ததும் அது மீண்டும் பாதீடாகக் கரைந்துவிடுகிறது. வீரயுகத்தின் புகழ்ப்பாடலுக்குள் இனக்குழுவின் பழைய பங்கீட்டு நெறி இவ்வாறு உயிர்த்திருப்பதை நமது இலக்கிய வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு எடுத்துக்காட்டினாரல்லர். வள்ளலைப் பார்த்த கண்கள் புலவர் மனைவியைப் பார்க்கவில்லை.

இக்காலத்திலேயே பிறிதொரு மனப்பாங்கும் தலைகாட்டுகிறது. ஆய் அண்டிரனைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், இப்பிறப்பிற் செய்தது மறுபிறப்பிற்கு உதவும் எனக் கணக்கிட்டு அறத்தை விலைபேசும் வணிகன் அவன் அல்லன் என்கிறார் (புறம் 134). அதியமான் தன்னைக் காணாது அனுப்பிய பரிசிலை ஏற்க மறுத்த பெருஞ்சித்திரனாரும் தாம் வாணிகப் பரிசிலர் அல்லர் என்கிறார் (புறம் 208). ஒருவர் கொடுப்போன் பக்கத்தும் மற்றவர் பெறுவோன் பக்கத்தும் நின்று வணிகத்தை மறுக்கின்றனர். மறுக்கவேண்டிய தேவை ஏற்பட்டுவிட்டது என்பதே இதன் வரலாற்றுப் பொருள். யவனர் கலங்கள் துறைமுகங்களுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. புண்ணியத்தை முதலீடாகக் கருதும் நோக்குச் சமுதாயத்திற் பரவியிராவிடின் ஒரு தலைவனை அதனின்றும் வேறுபடுத்திப் புகழவேண்டிய அவசியம் புலவர்க்கு நேர்ந்திராது.

*

திருக்குறளிலேதான் ஈகை முதன்முதலாக வறியோரை எல்லையாகக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. இருபத்துமூன்றாம் அதிகாரத்தின் முதற் குறளே, வறியார்க்கு ஒன்றைக் கொடுப்பது மட்டுமே ஈகை, பிறவெல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மையன என்று கோடு கிழித்துவிடுகிறது. பெருஞ்சித்திரனாரின் பாடலிலே நன்றியோடு நினைக்கப்பட்ட அதே சொல், இங்கே ஈகைக்கு மறுதலையாக நிறுத்தப்படுவதைக் காண்கிறோம். இது வெறும் சொற்பொருள் மாற்றமன்று. ஒத்தார்க்கிடையே நிகழ்ந்த கைம்மாற்றினால் ஈடுசெய்ய முடியாத ஏற்றத்தாழ்வு தோன்றிவிட்டது; திருப்பித்தர ஒன்றுமேயில்லாத ஒரு மக்கட்பகுதி உருவாகிவிட்டது. பாடவும் தெரியாத, கைம்மாற்றும் கேட்கமுடியாத, வெறும் பசியை மட்டுமே உடைய ஒருவன் இலக்கியத்தினுள் நுழைகிறான். அவனுக்குக் கொடுப்பதற்குப் புகழோ பாடலோ நேரடி எதிரீடாகாது. ஆதலின் அறம் என்னும் தனித்த கோட்பாடு வேண்டப்படுகிறது. மேலுலகம் இல்லையெனினும் ஈதலே நன்று என்று அதே அதிகாரத்திலே கூறும் துணிவு போற்றற்குரியது. எனினும் நான்கு குறள்கள் தாண்டியதும், இல்லாதவனது பசியைத் தீர்ப்பது பொருள்பெற்றவன் அதனைச் சேமித்துவைக்கும் இடம் என்னும் உவமை வந்துவிடுகிறது. வணிகனை வாயிலால் அனுப்பிவிட்டுச் சாளரத்தால் உள்ளே வரவிட்டது போலும் இது.

ஆனால் எமது கவனத்தை மிகவும் ஈர்ப்பது நூலின் அமைப்பாகும். ஈகை அறத்துப்பாலிலே, இல்லறவியலிலே வைக்கப்பட்டுள்ளது. அதன் மறுபக்கமாகிய இரவு பொருட்பாலின் இறுதியிலே இடம்பெறுகிறது. ஒரே நிகழ்ச்சியின் இரு முனைகளுக்குமிடையே எண்பதுக்கு மேற்பட்ட அதிகாரங்கள் கிடக்கின்றன. கொடுப்பவனை நோக்கும்போது அது அறநெறி. பெறுபவனை நோக்கும்போது அது பொருளியல். அதிகார வைப்புமுறையை இன்று நாம் காணும் வடிவிலே நிலைநிறுத்தியதில் உரைகாரர்க்கு எவ்வளவு பங்குண்டு என்பது தனியே ஆராயத்தக்கதாயினும், பொருட்பாலின் அப்பகுதியில் உழவு, நல்குரவு, இரவு, இரவச்சம் என நான்கு அதிகாரங்கள் (104–107) அடுத்தடுத்து நிற்பதன் தருக்கத்தை எவரும் மறுத்தல் இயலாது. உற்பத்தி, வறுமை, கையேந்தல், கையேந்தலின் அவலம் என அவை சங்கிலியாகப் பிணைந்துள்ளன. உழுது உண்பவர் பிறரிடம் இரவாதது மட்டுமன்று, தம்மிடம் இரப்பார்க்கு மறையாது கொடுப்பர் என்று உழவதிகாரம் கூறுவதையும் இதனோடு சேர்த்து நோக்கவேண்டும். இரவின் காரணத்தை இரப்பவனின் குணத்திலே தேடாது உழைப்பு, நிலம் ஆகியவற்றின் அயலிலே வைத்த நூல் இது.

இன்னும் ஒருபடி செல்லலாம். இரவு எனும் அதிகாரத்திலே இரப்பாரே இல்லையெனின் இவ்வுலகம் மரப்பாவையின் அசைவு போல உயிரற்றதாகும் என்றும், ஏற்பவர் இல்லாதவிடத்து ஈவார்க்குப் புகழ் எங்ஙனம் உண்டாகும் என்றும் கூறப்படுகிறது. ஈகையின் இயக்கம் வறியோரின் இருப்பில் தங்கியுள்ளது என்பதை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்ட அறநூல் பிறிதொன்றை நாம் கண்டதில்லை. பக்கத்தைப் புரட்டினால் இரவச்சம். அங்கே, இரந்துதான் உயிர்வாழ வேண்டுமெனின் இவ்வுலகை அவ்வாறு இயற்றியவனே அலைந்து கெடுக என்னும் சாபம் ஒலிக்கிறது. முன்னதிகாரம் வறியோரை உலகின் உயிர்ப்புக்குத் தேவையெனக் கொள்ள, பின்னதிகாரம் அவ்வுலகின் படைப்பையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. மானம் கெட வரும் இரவிற்கு அஞ்சுதலே பின்னது எனப் பரிமேலழகர் விளக்கி இம்முரணைச் சமன்செய்ய முயன்றார். அவரது நுண்மாண் நுழைபுலத்தை மதிக்கும் அதேவேளையில், இம்முரணைச் சமன்செய்யலாகாது என்பதே எமது நிலைப்பாடு. ஈகையால் தீர்க்கமுடியாத ஒன்றை ஈகை எனும் கோட்பாடு எதிர்கொண்ட இடம் அது. திருவள்ளுவரைச் சமதர்மவாதி ஆக்குவோரும், நிலவுடைமையின் வாயுரைப்போர் எனத் தள்ளுவோரும் இவ்விரு அதிகாரங்களுள் ஆளுக்கொன்றை மட்டுமே வாசிக்கின்றனர்.

*

உணவளித்தவர் உயிரளித்தவர் என்னும் கருத்து இன்று அன்னதானப் பந்தல்கள் தோறும் எழுதப்படுவது. இது புறநானூற்றின் 18ஆம் பாடலிலும் மணிமேகலையின் பாத்திரம் பெற்ற காதையிலும் ஏறத்தாழ ஒரே தொடராக வருகிறது. ஆனால் அவ்விரு சூழல்களும் வெவ்வேறானவை. புறப்பாடலிலே குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குச் சோறிடுமாறு கூறவில்லை. உணவு என்பது நிலத்தொடு நீர் சேர்ந்தது. அவ்விரண்டையும் இணைத்தவரே உடம்பையும் உயிரையும் படைத்தவராவர். வான்நோக்கிக் கிடக்கும் புன்செய் அரசனுக்கு உதவாது. எனவே பள்ளமான இடங்களில் நீரைத் தேக்குக என்பதே பாடலின் வாதம். அங்கே உயிர்கொடுத்தல் என்பது குளம் தொட்டு உற்பத்தியைப் பெருக்குதல். மணிமேகலையிலோ அதே தொடர் பிச்சைப்பாத்திரத்தின் சிறப்பைக் கூறப் பயன்படுகிறது. உற்பத்தி பற்றிய கூற்று, நுகர்வு பற்றிய கூற்றாக மாறிவிட்டது. இன்று பந்தலில் அத்தொடரை எழுதுவோர்க்குக் குளத்தின் நினைவு வருவதேயில்லை.

இதனால் மணிமேகலையைக் குறைத்து மதிப்பிடுகிறோம் என்று எவரும் கருதவேண்டியதில்லை. பசியைக் காப்பியப் பொருளாக்கியவர் சாத்தனாரே. ஆற்றலுடையார்க்குக் கொடுப்போர் அறத்தை விலைகூறுவோர், ஆற்றாத மாக்களின் அரும்பசி களைவோரே மெய்ந்நெறியில் வாழ்வோர் என்று அக்காதை கூறும்போது, புறநானூற்றிலே வேள் ஒருவனைப் புகழப் பயன்பட்ட அறவிலை எனும் கருத்து, பெறுபவரின் தகுதியை நிருணயிக்கும் அளவுகோலாகிவிடுகிறது. குலமோ கலைத்திறனோ அன்று, பசி ஒன்றே தகுதி. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்கியமை பற்றிய காதையும் இத்தொடர்பிலே நினைக்கத்தக்கது. அரசின் ஒடுக்குமுறை நிறுவனம் ஒன்று ஊட்டும் நிறுவனமாக மாற்றப்படுகிறது. வருணப் பாகுபாட்டை ஏற்காத பௌத்தம், பூம்புகார் போன்ற வணிக நகரிலே வேரற்று நின்ற மக்களுக்கு அளித்த ஆறுதல் இது.

எனினும், சாத்தனாரின் மேதையை நாம் காண்பது ஆபுத்திரன் கதையிலேயே. மதுரையிலே சிந்தாதேவியிடம் அமுதசுரபியைப் பெற்ற ஆபுத்திரன், பஞ்சகாலத்தில் எல்லோர்க்கும் உணவளிக்கிறான். அவனது அறச்செயலாற் கலங்கிய இந்திரன் முதிய அந்தணன் வடிவில் வந்து, கொடையின் பயனைத் தருவதாகக் கூற, அவன் எள்ளி நகைக்கிறான். சினங்கொண்ட இந்திரன் அவனைத் தண்டிக்கும் முறை வியப்பானது. அவன் பாத்திரத்தைப் பறிக்கவில்லை, உடைக்கவில்லை. பாண்டிநாட்டிலே மழையைப் பெய்விக்கிறான். பன்னிரண்டாண்டு வறட்சி நீங்கி விளைவு பெருகுகிறது. உண்ண வருவார் எவருமில்லை. ஊர்ஊராகச் சென்று பசித்தவர் உளரோ என ஆபுத்திரன் தேட, மக்கள் அவனை இகழ்கின்றனர். சாவக நாட்டிலே பஞ்சம் என்று கேள்வியுற்றுக் கலமேறுகிறான். கலம் அவனை மணிபல்லவத்திலே விட்டுச் செல்கிறது. பயனற்ற பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர்விடுகிறான். மணிபல்லவத்தை நமது நயினாதீவாகக் கொள்வோரும் உளர். அது வேறு வாதம்.

ஒருகணம் இக்கதையின் உட்பொருளைக் கருதுவோம். மழை பெய்து உழவு நடந்தால் அட்சயபாத்திரம் வெற்றுக் கலம். மக்களின் வளவாழ்வு தருமவானுக்குத் தண்டனை. பசித்தவரைத் தேடி அவன் கடல் கடந்தும் செல்லவேண்டியவனாகிறான். காப்பியம் அவன்பால் இரக்கம் கொண்டுள்ளது. இந்திரனைப் பொறாமைகொண்ட வில்லனாகவே காட்டுகிறது. ஆயினும் கதையின் தருக்கம் கவிஞரின் நோக்கத்தை மீறிச் செல்கிறது. முடியரசுவாதியாகிய பல்சாக்கின் நாவல்களிலே யதார்த்தவாதம் ஆசிரியரின் சார்புநிலையையும் மீறி வெளிப்படுவதை ஏங்கெல்ஸ் குறிப்பிட்டமை இவ்விடத்து ஒப்புநோக்கற்குரியது. பௌத்தப் பிரசாரகராகிய சாத்தனார், தருமத்தின் எல்லையைத் தருமத்தின் காப்பியத்திலேயே வரைந்துவிட்டார்.

*

பல்லவ சோழர் காலத்து நிலைமையை இங்கு விரித்தல் வேண்டா. பிரமதேயம், தேவதானம், பள்ளிச்சந்தம், சாலாபோகம் எனச் சாசனங்கள் கூறும் தானங்களின் பொருள் நிலமும் நிலத்தின் வருவாயும் ஆகும். பெறுவோர் வறியர் அல்லர். வள்ளுவர் கிழித்த கோட்டின்படி இவற்றுள் எதுவும் ஈகையாகாது. பெரியபுராணத்து இளையான்குடி மாறனார், மழையிருளில் வந்த அடியார்க்கு அமுதளிக்க விதைத்த நெல்லையே வாரிவந்த கதை உள்ளத்தைத் தொடுவதே. ஆனால் அங்கே வறியவர் கொடுப்பவராகிய மாறனாரே, பெறுபவர் சிவனடியார். வேளாளராகிய சேக்கிழார், வேளாளன் ஒருவனின் வறுமையை அடியார்ச் சேவையின் உரைகல்லாக்கினார்.

ஔவையார் பெயரில் வழங்கும் நல்வழி சாதி இரண்டே எனக் கூறி, இட்டோரை உயர்ந்தோராகவும் இடாதோரை இழிந்தோராகவும் வகுக்கிறது. சாதியெதிர்ப்புக் குரலாக இதனை எடுத்தாளாத சீர்திருத்தவாதி இல்லை. பிறப்பின் இடத்திற் செயலை வைத்தமை முன்னேற்றமே என்பதில் நாமும் உடன்படுகிறோம். ஆனால் அவ்விரு சாதிகளுள் வாங்கியவன் எச்சாதி? இடுவதற்கு ஒன்றுமில்லாதவன் இழிகுலத்தானா? பகுப்பு முழுவதும் உடையோர்க்கிடையேயான பகுப்பு. இல்லாதவன் அக்கணக்கினுள் வரவேயில்லை.

ஐரோப்பிய ஆட்சியின்கீழ் இவ்வெண்ணக்கரு புதியதொரு நெருக்கடியைச் சந்தித்தது. 1876–78ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும்பஞ்சத்தின்போது, சேர் ரிச்சட் ரெம்பிள் நிவாரண வேலைத் தலங்களிலே கடும் உழைப்பிற்குரிய கூலியை நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியமும் சிறிது காசுமாகக் குறைத்தார். 1834ஆம் ஆண்டின் ஆங்கில ஏழைகள் சட்டத்திற் காணப்பட்ட கொள்கையே இங்கும் செயற்பட்டது. உதவி என்பது வேண்டுவோர் வெறுக்குமளவிற்குக் கடுமையானதாக இருத்தல் வேண்டும். இப்பஞ்சத்தினால் விரட்டப்பட்டோருள் பல்லாயிரவர் இலங்கைக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்துசேர்ந்தனர்.

இச்சூழலிலே தமிழிலக்கிய வரலாற்றோடு பிணைந்த இரு பெயர்கள் எழுகின்றன. இராமலிங்க அடிகள் பஞ்சத்திற்கு முன்னரே, 1867இல் வடலூரிலே சத்திய தருமச்சாலையைத் தொடங்கியிருந்தார். அவரது சீவகாருணிய ஒழுக்கம், உயிர்க்கு வரும் துன்பங்களுள் பசியை முதன்மைப்படுத்தி, தேசம், சமயம், சாதி முதலியன பேதித்து விசாரியாது பசித்தவர்க்கு உணவளிக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறது. மணிமேகலையின் அளவுகோல் பலநூறாண்டுகளின் பின்னர் சைவப் பின்னணியிலிருந்து மீண்டும் எழுவதை இங்குக் காண்கிறோம். ஆறுமுக நாவலர் 1870களின் பிற்பகுதியிலே, யாழ்ப்பாணத்திற் பஞ்சமும் கொள்ளைநோயும் பரவியபொழுது, வண்ணார்பண்ணையிலே கஞ்சித்தொட்டித் தருமத்தை நடத்தினார். அரசாங்க அதிபரின் நிருவாகத்தையும் அவர் கண்டித்தார். சாதியாசாரத்தை இறுதிவரை கைவிடாத நாவலர், பஞ்சத்தை ஆட்சியின் பொறுப்பாகவும் கண்டமை கவனிக்கத்தக்கது. வடலூரார் தருமத்தின் உள்ளடக்கத்தைச் சாதிகடந்து விரித்தார். நாவலர் சாதிக்குள் நின்றவாறே தருமத்தைப் பொதுவிவகாரமாக்கினார். இருவருள் ஒருவரை முற்போக்காளராகவும் மற்றவரைப் பிற்போக்காளராகவும் ஒரே சொல்லில் முத்திரை குத்துவது எளிது, பயனற்றதும் ஆகும்.

பாரதியிடமே பாய்ச்சல் நிகழ்கிறது. பாரத சமுதாயத்தை வாழ்த்திய பாடலிலே, தனியொருவனின் பட்டினியை அவன் வள்ளலின் இரக்கத்திற்குரிய பொருளாக்கவில்லை; சமுதாயம் வகுத்துக் காக்கவேண்டிய விதியின் பொருளாக்கினான். இரவச்சத்திலே படைத்தவன்மீது விழுந்த சாபம் இங்கே உலகின்மீதே விழுகிறது. இடைப்பட்ட நூற்றாண்டுகளிலே குற்றவாளி இன்னாரென இனங்காணப்பட்டுவிட்டான்.

இலங்கையிலே அத்தகைய விதி, குறைபாடுகளோடெனினும், சிலகாலம் நடைமுறையில் இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலே 1942இல் தொடங்கிய கூப்பன் அரிசி முறை, ஏழை பணக்காரர் என்ற பரிசோதனையின்றிக் குடிமக்கள் யாவர்க்கும் உரியதாயிருந்தது. சங்கக்கடையிலே கூப்பன் புத்தகத்தை நீட்டியவர் எவரும் இரப்பதாக எண்ணியதில்லை; தொல்காப்பியரின் பாகுபாட்டிற் கூறினால் அது ஒப்போனின் தா. 1953இல் அரசாங்கம் அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபொழுது, ஆகத்து 12ஆம் நாள் ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறக்க நேர்ந்தது. நன்கொடை குறைந்தமைக்காக மக்கள் கிளர்ந்தெழுவதில்லை. உரிமை பறிக்கப்படும்போதே எழுவர். 1977இன் பின்னர் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1978இல் பங்கீட்டரிசி குறைந்த வருமானத்தோர்க்கு என வரையறுக்கப்பட்டு, 1979இல் உணவு முத்திரையாக மாற்றப்பட்டது. முத்திரையின் பெறுமதி ரூபாயிலே நிலைத்து நிற்க, விலைவாசி ஏறியது. ஜனசவிய (1989), சமுர்த்தி (1995), 2022இன் பொருளாதார வீழ்ச்சியைத் தொடர்ந்து வந்த அஸ்வெசும (2023) என்பன ஒவ்வொன்றும், தான் உண்மையிலேயே வறியவன் என்பதை வறியவனே எண்பிக்கவேண்டிய நிலையைத் தொடர்ந்தன. தாவிலிருந்து ஈக்கு மீண்ட பயணம் இது. அஸ்வெசும பெயர்ப்பட்டியல் வெளிவந்தபோது விடுபட்டோர் இலட்சக்கணக்கில் மேன்முறையீடு செய்தமையும், பிரதேச செயலகங்களின் முன்னே கூடிநின்றமையும், அம்மீட்சியை மக்கள் முழுமையாக ஏற்கவில்லை என்பதைக் காட்டுகின்றன.

இலக்கியத்தைப் பொறுத்தவரை இறுதியாக ஒன்று. சங்கப் பாடல்களிலே பேசுபவன் பெறுபவன்; அவனது குரலிலேயே கொடை நமக்குத் தெரியவருகிறது. குறள் தொடங்கி நல்வழி வரை பெறுபவன் பேசுவதில்லை. அவனைப் பற்றி உடையோர்க்கு அறிவுறுத்தப்படுகிறது. புதுமைப்பித்தனின் மகாமசானத்திலே சென்னைத் தெருவோரம் பிச்சைக்காரன் ஒருவன் செத்துக்கொண்டிருக்க, நகரம் அவனைச் சுற்றி நடந்துபோகிறது. கதாசிரியரின் கூர்மையான பார்வையுங்கூட வெளியே நின்றே அவனைக் காண்கிறது. ஈழத்திலே 1950களிலும் 60களிலும் டொமினிக் ஜீவா, கே. டானியல் முதலியோர் எழுதத் தொடங்கியபொழுதுதான், காலங்காலமாகப் பெறுவோர் வரிசையில் மட்டும் நிறுத்தப்பட்டிருந்த மக்கள் நமது உரைநடையிலே தம் வாயாற் பேசலாயினர். ஜீவாவின் தண்ணீரும் கண்ணீரும் 1960இலும், டானியலின் பஞ்சமர் 1972இலும் வெளிவந்தன. அவ்வெழுத்துகளிற் கேட்கப்படுபவை கிணற்று நீரும், தேநீர்க்கடை இருக்கையும், கோயில் வாயிலும், உழைப்பிற்குரிய கூலியும், கஞ்சி அன்று. இழிசனர் இலக்கியம் என அன்றைய பண்டிதர் சிலர் முகஞ்சுளித்ததற்கு அதன் பேச்சுவழக்கு மட்டுமே காரணமாயிருந்திருக்க முடியாது.